சேர்வராயன் மலையில் இரண்டு இரவு: காரில் போய், கூடாரம் போட்டு, குடும்பத்தோடு தங்க முழு வழிகாட்டி

சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை மேல் இருக்கும் ஏர்க்காடு ஒரு நாள் சமாச்சாரம். காலையில் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். அதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. இங்கே சொல்லப்போவது வேறு: ஒரு கார், ஒரு கூடாரம், குழந்தைகள், வர முடிந்தால் தாத்தா பாட்டி, இரண்டு இரவு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் இரண்டு இரவும் தங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று நெட்டில் இருக்கும் பட்டியலில் பாதியைப் பார்க்காமல் திரும்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

கூடாரம் எங்கே போடலாம்

சேர்வராயன் மலை முதுமலை, முக்குர்த்தி மாதிரி தேசியப் பூங்கா இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. காப்புக்காடு, காப்பி எஸ்டேட், மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்து மலையாளிகள் அல்ல) ஊர்கள், பட்டா நிலம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால் ரோட்டோரம் புல் நன்றாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்திக் கூடாரம் அடிக்க முடியாது. அது காப்புக்காடாக இருந்தால், அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் தீ மூட்டுவதும் குற்றம்.

இதில் வனத்துறை கெடுபிடி காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால் 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போவதுதான் முறை. கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் அந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள்.

ஆக, உங்கள் கூடாரம் நிற்கப்போவது தனியார் இடத்தில். அதில் இரண்டு வழி உண்டு. எஸ்டேட் ஹோம்ஸ்டேக்களில் அவர்களே கூடாரம் அடித்துத் தருவார்கள். அல்லது அவர்கள் புல்தரையில் உங்கள் கூடாரத்தைப் போட்டுக்கொள்ள விடுவார்கள். முதல் தடவை போகும் குடும்பத்துக்கு மூன்றாவதாக ஒன்றையும் சொல்வேன்: ஒரு அறையும் எடுத்து, அதன் வாசலில் கூடாரம் போடுவது. நடுராத்திரி மழை பிடித்தால் பெரியவர்களும் கைக்குழந்தையும் உள்ளே போய்விடலாம். கொஞ்சம் செலவு கூடும், ஆனால் வீட்டில் எல்லோரும் அடுத்த தடவையும் வரச் சம்மதிப்பார்கள்.

போன் போட்டுக் கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்து முன்பதிவு செய்யாதீர்கள். போனில் பேசுங்கள். முதலில், சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அடுத்து கழிப்பறை: கூடாரத்திலிருந்து எத்தனை அடி, வழியில் விளக்கு உண்டா, தண்ணீர் இரவிலும் வருமா. குழந்தையோ பாட்டியோ இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் அந்த நூறு அடி தூரம்தான் மொத்தப் பயணத்தையும் தீர்மானிக்கும்.

மூன்றாவது, எஸ்டேட்டுக்குள் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர். மெயின் ரோடு அருமையாக இருக்கும். உள்ளே திரும்பினால் கல்லும் பள்ளமுமாக இருக்கும். ‘எல்லா வண்டியும் வரும் சார்’ என்பார்கள். ‘என் வண்டி டிசையர், ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், அடி தட்டாமல் வருமா’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மையான பதில் கிடைக்கும்.

நான்காவதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள்: பக்கத்துக் கூடாரத்தில் யார். சனிக்கிழமை இரவு நண்பர் கூட்டம், ஸ்பீக்கர், பாட்டில் என்று இருந்தால் குடும்பத்துக்கு அது தண்டனை. ‘குடும்பத்துக்கு மட்டுமா, இரவு எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்துவீர்கள்’ என்று நேராகவே கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

எப்போது போவது

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏர்க்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். எனவே சேலத்தில் என்ன வெயில் அடிக்கிறதோ அதில் ஏழெட்டு டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள், கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். ஊட்டிக் குளிர் இல்லை. ஆனாலும் தரையில் படுப்பவருக்கு அது போதுமான குளிர்.

கூடாரத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை குறைவு, வானம் தெளிவு. காப்பிப் பழம் பறிக்கும் சீசனின் கடைசிப் பகுதியும் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து ஏழெட்டு நாளில் காப்பிச் செடி மொத்தமாகப் பூக்கும். தோட்டம் முழுக்க மல்லிகை வாசனை, சில நாள்தான். தேதி குறித்துப் போக முடியாது. எஸ்டேட்காரரிடம் ‘மழை பெய்ததா’ என்று கேட்டுக்கொண்டு கிளம்பலாம்.

மே மாதம் கோடை விழா. மலர்க் கண்காட்சி பார்க்க நல்ல சமயம், கூடாரத்துக்கு மோசமான சமயம். கூட்டம் ஒரு பக்கம், பிற்பகல் இடி மின்னல் ஒரு பக்கம். அதன் பிறகு தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி மழை தரும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முன்பணம் போனால் போகட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

வண்டியும் பாதையும்

சென்னையிலிருந்து வருபவர்கள் உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், வாழப்பாடி வழியாக வருவார்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், ஓமலூர். கோவையிலிருந்து சங்ககிரி. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளோடு போட்டி வேண்டாம், விபத்துக்குப் பெயர் போன இடம்.

சேலத்துக்குள் வந்தால் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஊரிலிருந்து மேலே ஏரி வரைக்கும் மொத்தம் முப்பது கிலோமீட்டர் அளவுதான், ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்னொரு பாதை அயோத்தியாப்பட்டணம் தாண்டி அரூர் ரோட்டில் வரும் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுகிறது. வளைவுகள் குறைவு, கூட்டம் குறைவு, ரோடு குறுகல். சென்னைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குச் சேலம் ஊருக்குள் நுழையாமலே ஏற இது வசதி. கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு பாதையில் ஏறி மறு பாதையில் இறங்கச் சொல்வதும் உண்டு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மெக்கானிக்கிடம் பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், டயர் நான்கோடு ஸ்டெப்னியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்புங்கள், கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற வேண்டியது காலை எட்டு மணிக்குள். இருட்டிய பிறகு புது ஆள் இந்தப் பாதையில் ஓட்ட வேண்டாம். மூடுபனி இறங்கினால் வளைவின் வெள்ளைக்கோடு கூடத் தெரியாது. இரவு நெடுந்தூரம் ஓட்டி வந்தால் சேலத்தில் படுத்துத் தூங்கி, காலையில் ஏறுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, ஆனால் எதிரே இறங்கும் பஸ்ஸுக்கு அது தெரியும் என்று நம்பி வளைவில் நுழையாதீர்கள். ஒவ்வொரு பெண்டிலும் ஹாரன் அடித்து, முன்னாலேயே கியரைக் குறைத்து, உங்கள் பக்கத்திலேயே திரும்புங்கள். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், அதனால் அது முடிக்கும் வரை கீழேயே காத்திருங்கள்.

குழந்தைகளுக்கு வாந்தி வருவதற்குப் பாதிக் காரணம் அடிவாரத்தில் சாப்பிட்ட பூரி. இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைத் திறந்து விடுங்கள். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பது சிலருக்கு உதவுகிறது. ஆளுக்கொரு கவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேலே ஏறும்போது சமவெளியில் வெள்ளை வெளேரென்று வெட்டுப்பட்டுத் தெரிவது மேக்னசைட் சுரங்கம். அதைக் காட்டினால் ‘எப்பப்பா வரும்’ என்பது கொஞ்ச நேரம் நிற்கும்.

எதை எடுத்துப் போவது

கூடாரப் பெட்டியில் ‘நான்கு பேர்’ என்று போட்டிருந்தால் மூன்று பேர் என்று படியுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் கூடாரம். மேலே போடும் மழைத்துணி தனியாக, தரை வரை இறங்குவதாக இருக்க வேண்டும். மொட்டைமாடியில் ஒரு முறை போட்டு, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; தையல் ஒழுகினால் அங்கேயே தெரியட்டும்.

அதைவிட முக்கியம் படுக்கை. குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும், தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். மூன்று கம்பளி போர்த்தினாலும் கீழே வெறும் ஜமுக்காளம் என்றால் நடுங்கத்தான் வேண்டும். ஃபோம் மேட் ஆளுக்கொன்று வாங்குங்கள், பெரியவர்களுக்கு இரண்டு. வீட்டு மெத்தையைச் சுருட்டிக் காரின் மேல் கட்டிக்கொண்டு போவதும் தவறில்லை. காரில் போவதன் லாபமே அதுதான்.

மற்றபடி: தார்ப்பாய் இரண்டு, நைலான் கயிறு, சுத்தியல், தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று, குல்லா, காலுறை, மாற்றுச் செருப்பு, பவர் பேங்க், இருபது லிட்டர் தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, பெரியவர்களின் மருந்து நான்கு நாளுக்கு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. எவர்சில்வர் தட்டு, டம்ளர் எடுத்துப் போங்கள். குப்பைக்கென்று ஒரு சாக்கு.

கூடாரம் போடுவது

மதியம் மூன்று மணிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். லேசான மேடு பாருங்கள். பள்ளம் சமமாகத்தான் தெரியும், மழை வந்தால் குளம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் உயரமானவை, காய்ந்த கிளைகளை உதிர்ப்பவை. அண்ணாந்து பார்த்து, மேலே ஒன்றும் தொங்காத இடத்தில் போடுங்கள். ஒற்றை மரத்தடியும், சரிவின் அடியும் வேண்டாம்.

கல்லையும் குச்சியையும் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாய் விரியுங்கள். தார்ப்பாயின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி உள்ளே அனுப்பும், உள்பக்கமாக மடித்துவிடுங்கள். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடியுங்கள். கயிறுகளில் ஒரு வெள்ளைத் துணி கட்டினால் இருட்டில் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். குளிர் என்று ஜன்னல் வலையை முழுக்க மூடாதீர்கள். மூச்சுக்காற்றின் ஈரம் விடிகாலையில் உள்ளே சொட்டும். வாசல் ஜிப்பை மட்டும் எந்நேரமும் மூடி வையுங்கள், குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது அதுதான்.

அடுப்பு

முதல் இரவுக்குச் சமைக்காதீர்கள். வீட்டிலிருந்து புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு போதும். மறுநாள் முதல் கேஸ் அடுப்பு. இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது போல இழுக்கும். சின்னக் குக்கர் எடுத்துப் போங்கள், பிரச்சினை தீர்ந்தது. ரவை உப்புமா, கிச்சடி, சுண்டல், சுக்குக் காப்பி இவ்வளவு போதும். மலையிலேயே வாங்க மிளகு, காப்பித்தூள், பட்டர் ஃப்ரூட், சீசனில் ஆரஞ்சும் பலாவும் கிடைக்கும்.

கேம்ப் ஃபயர் வேண்டுமென்றால் இடத்துக்காரர் காட்டும் குழியில், அவர் கண்முன். தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, கையை மேலே நீட்டிச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும். கரி அடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இரவும் விலங்குகளும்

இங்கே கவனிக்க வேண்டியது காட்டெருமை. ஒரு டன் எடை வரைக்கும் வளரும், பார்க்கச் சாதுவாகப் புல் மேயும். விடியலிலும் அந்தியிலும் எஸ்டேட் ஓரங்களுக்கு வரும். போட்டோவுக்காகக் கிட்டே போகாதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நிற்காதீர்கள், டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள். பேசாமல் பின்வாங்கி வண்டிக்குள் ஏறுங்கள். பகலில் தொல்லை குரங்கு. சாப்பாட்டுப் பை எதுவும் கூடாரத்தில் இருக்கக் கூடாது, எல்லாம் காரில், கண்ணாடி ஏற்றி.

வெளியே கழற்றிய செருப்பை உதறிப் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். எஸ்டேட்டில் போன் சிக்னல் எந்த மூலையில் எடுக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். இடி இடித்தால் கூடாரம் காப்பாற்றாது, எல்லோரும் காருக்குள்.

நடுவில் வரும் ஒரு நாள்

சேர்வராயன் கோயிலுக்கு விடிகாலையில் போங்கள். மலையின் மிக உயர்ந்த பகுதி, 1,600 மீட்டருக்கு மேல். உச்சியில் பரந்த புல்வெளி. சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள், குனிந்துதான் போக வேண்டும். மலையாளி மக்களின் குலசாமி. மே மாதத் திருவிழாவுக்கு மலையெங்கும் உள்ள ஊர்களிலிருந்து வருவார்கள். கோயில் அவர்களுடையது, நாம் விருந்தாளிகள். செருப்பு, சத்தம், குப்பை விஷயத்தில் அதை மறக்க வேண்டாம்.

பிறகு இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் காட்டினால் பிள்ளைகள் அரை மணி நேரம் அங்கேயே நிற்பார்கள். கிளியூர் அருவி ஏரியின் உபரி நீரால் ஓடுவது. ஏரி நிரம்பாத கோடையில் வெறும் பாறைதான். இறங்க நிறையப் படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருக்கட்டும். வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயம்: 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் இந்த மலையில்தான் வாழ்ந்தார், அவர் நினைவு அங்கே இருக்கிறது. காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்.

இதற்கு மேல் சேர்க்காதீர்கள். மதியத்தைக் கூடாரத்தடியில் தூங்கிக் கழியுங்கள். மாலையில் ஆசையிருந்தால் லேடீஸ் சீட்டில் நின்று சேலம் விளக்குகளைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் திரும்பலாம்.

இறங்குவது

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. 2024 ஏப்ரல் 30 அன்று சேலம் நோக்கி இறங்கிய பஸ் 13ஆவது வளைவு அருகே கவிழ்ந்து உயிர்கள் போயின. பழைய டிரைவர்கள் சொல்வது இன்றும் சரி: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் பேட் சூடாகி, ஆயில் கொதித்து, கால் கீழே போகும், வண்டி நிற்காது. எரிந்த வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நியூட்ரல் கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் மோடு. எலக்ட்ரிக் வண்டியை மேலே நூறு சதவீதம் சார்ஜ் செய்யாதீர்கள். பேட்டரியில் இடம் இருந்தால்தான் இறக்கத்தில் மோட்டார் பிரேக் வேலை செய்யும்.

பதினோரு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சேலம். சாயங்காலம் வரை இருந்தால் ஒரு தட்டுவடை செட்டும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வீடு சேர்ந்த மறுநாளே கூடாரத்தைப் பிரித்து மாடியில் நிழலில் காயப்போடுங்கள். பனி ஈரத்தோடு பைக்குள் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் துவைத்தாலும் போகாது.